பல்பு இறுகவில்லை, பிடிதான் கிடைக்கவில்லை

சீலிங்குக்குள் பதித்த ஸ்பாட் லைட்டைக் கழற்றுவது பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரி போதவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஒரு பெரிய தங்கும் விடுதியில் 27 ஆண்டு பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். தாழ்வாரம், வரவேற்புக் கூடம், அறைகள் என்று நாளுக்குப் பத்துப் பதினைந்து ஸ்பாட் லைட் பல்பாவது மாற்றாமல் வீட்டுக்குப் போனதில்லை. அதனால் இந்த இதழ் முழுவதும் இதற்கே.

கேள்வி: எனக்கு 63 வயது. கூடத்துச் சீலிங்கில் ஆறு சின்ன ஸ்பாட் லைட் இருக்கின்றன. இரண்டு ஃபியூஸ் ஆகிவிட்டன. பல்பின் முகம் சீலிங்கோடு மட்டமாக இருப்பதால் விரல் நுழைய இடமே இல்லை. விரல் நுனியால் திருகினால் வழுக்குகிறது. ஒன்று மட்டும் கொஞ்சம் திரும்பியது, ஆனால் கீழே வரவில்லை. பலமாக இழுத்தால் சீலிங்கே பெயர்ந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: இழுக்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி அம்மா. நான் பார்த்த வரையில் "பல்பு இறுகிப்போச்சு" என்று கூப்பிடுகிற பத்து வீட்டில் எட்டு வீட்டில் பல்பு இறுகியிருக்காது. விரலுக்குப் பிடி கிடைத்திருக்காது, அவ்வளவுதான். பலம் வேண்டியதில்லை. உள்ளே அது எப்படி மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மின்சாரம். சுவரில் இருக்கிற ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் வயரிங் செய்தவர் ஸ்விட்சை மின்சாரம் வருகிற பேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் போட்டிருப்பார். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். எனவே அந்த விளக்குக்கான எம்.சி.பி.யையே, அதாவது மெயின் பெட்டியில் இருக்கிற பாதுகாப்பு ஸ்விட்சையே, கீழே இறக்கிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது இருந்தால் அதன் மேல் ஒரு டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதி வையுங்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது என்றால் இருபது நிமிடம் ஆறட்டும். ஹாலஜன் பல்பின் உள் குப்பி 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் சரியாகவே வேலை செய்யும். அந்தச் சூட்டில் விரல் வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

இப்போது அண்ணாந்து பல்பின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்று ஓடுகிறதா? அதன் இரண்டு முனையும் ஓரிடத்தில் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அது இருந்தால் பல்பைத் தாங்குவது அந்த வளையம்தான். இரண்டு முனையையும் நோஸ் பிளையரால் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கினால் வளையம் சுருங்கிக் கழன்றுவிடும். ஒரு கையைப் பல்புக்குக் கீழே ஏந்திக்கொள்ளுங்கள், வளையம் வந்ததும் பல்பு விழும். அந்தக் கம்பி ஸ்பிரிங் மாதிரி துள்ளும். கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். படிக்கிற கண்ணாடியானாலும் பரவாயில்லை.

வளையம் கழன்றதும் பல்பு, ஹோல்டரோடும் வயரோடும் சேர்ந்து கீழே தொங்கும். உங்கள் வீட்டில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் திரும்பியது, கீழே வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பல்போடு சேர்ந்து ஹோல்டரும் மேலே சுற்றியிருக்கும். ஹோல்டர் வயரில் சும்மா தொங்குகிற வகையில் இப்படித்தான் நடக்கும். நீங்கள் நாள் முழுக்கத் திருகினாலும் இரண்டும் சேர்ந்து சுற்றுமே தவிரப் பிரியாது, வயர்தான் முறுக்கேறும். அதனால் இரண்டையும் சீலிங்குக்கு வெளியே இழுத்து, இடது கையில் ஹோல்டர், வலது கையில் பல்பு என்று பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.

கழற்றுவதில் இரண்டு வகை. பல்பின் பின்பக்கம் தலை பெருத்த ஆணி மாதிரி இரண்டு குட்டையான பின் இருந்தால் அது ஜி.யு.10. இரண்டு பின்னுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர், அதனால்தான் அந்தப் பெயர். இது நேராக வீட்டு மின்சாரத்தில் எரிவது. இதை உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பிறகு வெளியே எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் திறக்காதபடி செய்த மருந்துப் புட்டி மூடி இருக்கிறதே, அந்தக் கைவேலைதான். வெறும் பின் ஊசி மாதிரி மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் அது 12 வோல்ட் வகை, எம்.ஆர்.16 என்பார்கள். அதைத் திருகவே கூடாது. நேராக இழுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்குவது போலத்தான், ஆனால் ஆட்டி ஆட்டி இழுக்காமல் ஒரே நேர்கோட்டில்.

கம்பி வளையமும் இல்லை, ஹோல்டர் உள்ளே அசையாமல் நிற்கிறது, பல்பு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றால்தான் பிடி தேவைப்படும். நான் பயன்படுத்தியது மூன்று. பளபளப்பான சமமான கண்ணாடி முகமாக இருந்தால் ரப்பர் உறிஞ்சு கிண்ணம். குளியலறைச் சுவரில் ஒட்டும் கொக்கியின் பின்னால் இருக்குமே, அதுவே போதும். பல்பின் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கிண்ணத்தின் உள்ளே மூச்சுக்காற்றை ஊதி ஒட்டுங்கள். தண்ணீர் தொடாதீர்கள். எல்.ஈ.டி. பல்பின் முகம் வரிவரியாகவோ குழிகுழியாகவோ இருந்தால் கிண்ணம் நிற்காது, காற்று கசிந்துவிடும். அப்போது இரண்டு அங்குல அகலமுள்ள கெட்டியான டேப். ஒரு முழம் வெட்டி, நடுப்பகுதியைப் பல்பின் முகத்தில் நன்றாகத் தேய்த்து ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் தொங்குகிற வாலை ஒட்டும் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்தால் இரண்டு கைப்பிடி ஆகிவிடும். கட்டை விரலால் முகத்தை மேலே அழுத்திக்கொண்டு அந்தக் கைப்பிடிகளைத் திருப்புங்கள். மூன்றாவது, விளிம்பைச் சுற்றிக் கொஞ்சமாவது இடைவெளி இருந்தால், பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி விரல்களில் மாட்டிக்கொள்வது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையும் இதே வேலையைச் செய்யும்.

அழுத்தாமல் திருகாதீர்கள். இதை இரண்டாவது முறை எழுதுகிறேன், காரணம் என் வலது உள்ளங்கையில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பல்பை அழுத்தாமல் வெறும் பலத்தால் திருகினேன். பின்னின் தலை குறுகிய பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, கண்ணாடி நின்ற இடத்தில் உடைந்தது. நான்கு தையல்.

கேள்வி: கழற்றிவிட்டேன். புதியது போகமாட்டேன் என்கிறது. பின் எங்கே நுழைகிறது என்று கீழேயிருந்து தெரியவில்லை. நுழைந்தது போலத் தோன்றுகிறது, கையை எடுத்தால் பல்பு விழுகிறது. இரண்டு பல்பு உடைந்துவிட்டது.

பதில்: தம்பி, இந்த வேலையில் கண்ணுக்கு வேலை கிடையாது, விரலுக்குத்தான். என் மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பழைய ஹோல்டரையும் ஃபியூஸ் போன பல்பையும் கையில் கொடுத்து, மேசை முன் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது தடவை மாட்டிக் கழற்றச் சொன்னார். அன்றைக்கு வேறு வேலையே தரவில்லை. மறுநாள் ஏணியில் ஏறியபோது கை தானாகவே செய்தது.

உங்களிடம் தனி ஹோல்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சீலிங்கில் இருக்கிற ஹோல்டரை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் குறுகிய வால் போலவும் இருக்கும். வட்டத்தில் பின்னின் தலை நுழையும். வாலில் பின்னின் கழுத்து மட்டும்தான் போகும், தலை மேலே மாட்டிக்கொள்ளும். இதைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, இரண்டு வட்டமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஹோல்டருக்குப் பக்கத்துச் சீலிங்கில் பென்சிலால் லேசாக இரண்டு கோடு போடுங்கள். பல்பின் விளிம்பிலும் பின் இருக்கிற இடத்துக்கு நேராக இரண்டு புள்ளி வையுங்கள். கோடும் புள்ளியும் சேருகிற மாதிரி மேலே கொண்டு போங்கள்.

பல்பை மெதுவாக மேலே தொட்டு, அழுத்தாமல், சும்மா இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் பல்பு அரை விரற்கடை மேலே "டக்" என்று இறங்குவது போல, அதாவது உள்ளே உட்காருவது போல, விரலில் தெரியும். பின்னின் தலை வட்டத்துக்குள் போய்விட்டது. அப்போதுதான் அழுத்த வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு தெரிந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். ஒரு சின்னத் தடங்கல், அதைத் தாண்டினால் நின்றுவிடும். கையை எடுக்குமுன் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மாட்டியாயிற்று. உங்கள் பல்பு விழுந்ததற்குக் காரணம் நீங்கள் உள்ளே தள்ளிவிட்டுத் திருப்பாமல் விட்டதாகவோ, ஒரு பின் மட்டும் நுழைந்து இன்னொன்று வெளியே சறுக்கி நின்றதாகவோ இருக்கும்.

அப்புறம், பல்பு சரியான வகைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜி.யு.10 மாதிரியே ஜி.இசட்.10 என்று ஒன்று உண்டு. பின் எல்லாம் ஒன்றுதான், அடிப்பாகத்தின் விளிம்பு மட்டும் சரிவாக இல்லாமல் சதுரமாக இருக்கும். அந்தப் பல்பு வெப்பத்தின் பெரும்பங்கைப் பின்பக்கம் சீலிங்குக்குள் அனுப்பும். அதனால் ஜி.யு.10 ஹோல்டரில் அது நுழையாதபடியே செய்திருக்கிறார்கள். நுழையாததைத் தேய்த்து நுழைப்பது என்பது அந்தப் பாதுகாப்பை நீங்களே எடுத்துவிடுவது.

இன்னொன்று நீளம். எல்.ஈ.டி. பல்பு சில, பழைய ஹாலஜனைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். மாட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும், கடைசியில் கம்பி வளையம் தன் பள்ளத்தில் உட்காராது. பழையதையும் புதியதையும் மேசையில் தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். வளையம் உட்காராத பல்பை அப்படியே விட்டால் ஒருநாள் அது யார் தலையிலாவது விழும்.

கேள்வி: பின்னுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சுலபமாக மாட்டிக் கழற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். விடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், சூட்டில் கருகும், கருகினது பின்னுக்கும் ஹோல்டருக்கும் நடுவே படலமாக நிற்கும். அந்தப் படலம் இருக்கிற இடம் இன்னும் சூடாகும். பின்னில் பச்சையாகவோ கறுப்பாகவோ பிடித்திருந்தால் பல்பைக் கீழே வைத்து மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள், அதுவே போதும்.

கேள்வி: டேப் ஒட்டித் திருப்பியதில் எல்.ஈ.டி. பல்பின் முன்மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் உள்ள தகடு தெரிகிறது. உடம்பு ஹோல்டரிலேயே நிற்கிறது. கையால் பிடித்துத் திருப்பிவிடலாமா?

பதில்: எம்.சி.பி.யை இறக்காமல் அதை விரலால் தொடவே தொடாதீர்கள், சகோதரி. அந்த மஞ்சள் புள்ளிகள்தான் எல்.ஈ.டி. ஜி.யு.10 வகையில் அந்தத் தகட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லாமல் இருக்கலாம். இதுவரை உங்களைக் காத்தது இப்போது கையில் இருக்கிற அந்த மூடிதான்.

எம்.சி.பி.யை இறக்கிய பிறகு டெஸ்டரால் பாருங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற வேறு ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு இங்கே வைத்துப் பார்த்து, மறுபடியும் அந்தப் பிளக்கில் பார்க்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, மின்சாரம் இல்லாத இடத்திலும் எரியாது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால்தான் இந்த மூன்று முறை.

அதற்குப் பிறகு நோஸ் பிளையரின் வாயைப் பல்பின் உடம்புக்குள் விட்டு, வெளிப்பக்கமாக விரித்து, விளிம்பின் உட்சுவரில் அண்டக் கொடுத்து, மேலே அழுத்தித் திருப்புங்கள். பிளாஸ்டிக் அல்லது அலுமினிய உடம்பு என்றால் தாங்கும். ஹாலஜன் பல்பின் முன்கண்ணாடி உடைந்த இடத்தில் இப்படிச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கிற கிண்ணமும் கண்ணாடிதான், விரித்தால் தெறிக்கும். அதற்கு விளக்கின் கூட்டையே சீலிங்கிலிருந்து இறக்கி, தரையில் ஒரு தாளை விரித்து, தடித்த கையுறையோடு செய்வதுதான் நல்லது. கூட்டை இறக்குவது எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 12 வோல்ட் பல்பு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, எனவே மின்சாரத்தை அணைக்காமலே மாற்றலாம் என்று சொல்கிறார்கள். அத்துடன், ஹாலஜனை எடுத்துவிட்டு 5 வாட் எல்.ஈ.டி. போட்டதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பல்பு கோளாறா?

பதில்: 12 வோல்ட் அடிக்காது, உண்மைதான். ஆனால் அந்த 12 வோல்ட்டைத் தருகிற டிரான்ஸ்பார்மர் அதே ஓட்டைக்குள் ஒரு சாண் தள்ளித்தான் கிடக்கிறது. அதற்குள் போவது 230 வோல்ட். பல்பை இழுக்கும்போது வயரோடு அதுவும் சேர்ந்து கீழே வந்து, கழன்ற முனை ஒன்று கையில் பட்டதை நான் கூட வேலை செய்தவரிடம் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அவர் தரையில் நிற்கும் உயரத்தில்தான் இருந்தார். அணைத்துவிட்டே செய்யுங்கள்.

12 வோல்ட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 50 வாட் ஹாலஜன் 230 வோல்ட்டில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. அதே 50 வாட் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அவ்வளவும் அந்த ஊசி போன்ற இரண்டு பின் வழியாகப் போக வேண்டும். பின் சரியாக உட்காராமல் லூஸ் காண்டாக்ட் ஆனால் அந்த இடம் பழுக்கச் சூடாகும். எம்.ஆர்.16 ஹோல்டர்களில் அடிக்கடி கருகல் வருவது இதனால்தான். ஆகவே மாட்டும்போது பின் முழுவதும் உள்ளே போகும்வரை நேராக அழுத்துங்கள். பழைய ஹோல்டரில் பல்பு தளர்வாக ஆடினால் ஹோல்டரையே மாற்றுங்கள், பீங்கான் ஹோல்டராகப் போடுங்கள்.

மினுக்கலுக்குப் பல்பைக் குறை சொல்ல முடியாது. உங்கள் டிரான்ஸ்பார்மரின் மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 20–60 வாட் என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். குறைந்தது 20 வாட் இழுத்தால்தான் அது ஒழுங்காக ஓடும். 5 வாட் அதற்குப் போதாது, அதனால் தொடங்கித் தொடங்கி நிற்கிறது. டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, எல்.ஈ.டி.க்கென்றே செய்த 12 வோல்ட் டிரைவர், அதாவது எல்.ஈ.டி.க்கு ஏற்ற மின்சாரம் தருகிற சின்னப் பெட்டி, ஒன்றை அந்த இடத்தில் போட்டால் மினுக்கல் நின்றுவிடும். அந்த வயரிங் 230 வோல்ட் பக்கத்தில் என்பதால் அதை ஓர் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எம்.ஆர்.16 என்ற பெயரில் 16 என்ன என்று இதே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, அப்படிப் பதினாறு. அதாவது முகத்தின் குறுக்களவு இரண்டு அங்குலம், சுமார் 50 மில்லிமீட்டர். எம்.ஆர்.11 என்றால் பதினொன்று, சுமார் 35 மில்லிமீட்டர். இந்தப் பல்பு முதலில் வீட்டுக்காக வந்ததல்ல, ஸ்லைடு புரொஜெக்டருக்காக வந்தது. குறுகிய இடத்தில் நிறைய வெளிச்சம் வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. எனவே வீட்டுச் சீலிங்கின் சின்ன ஓட்டைக்கும் பொருந்திப் போயிற்று.

கேள்வி: ஹாலஜன் பல்பைக் கையால் தொட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பது சரியா?

பதில்: முன்னால் கண்ணாடி மூடியுள்ள ஸ்பாட் பல்பு என்றால் கவலை இல்லை, நீங்கள் தொடுவது அந்த மூடியைத்தான். மூடி இல்லாமல் உள்ளே குட்டிக் குப்பி திறந்து தெரிகிற வகையில் மட்டும் குப்பியைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெயும் உப்பும் பட்ட இடத்தில் சூடு ஏறும்போது குவார்ட்ஸ் கெட்டுப்போய்க் குப்பி சீக்கிரம் போய்விடும். தெரியாமல் தொட்டுவிட்டால் மாட்டுமுன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு விளக்கில் ஒரே ஒரு இடத்து பல்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்விடுகிறது. நல்ல பல்பாகத்தான் போடுகிறேன்.

பதில்: பல்பை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். அந்தப் பல்பைக் கழற்றி ஹோல்டரின் இரண்டு ஓட்டையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் ஓட்டையின் விளிம்பு மட்டும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், அல்லது கழற்றிய பல்பின் ஒரு பின் மங்கியும் இன்னொன்று பளபளப்பாகவும் இருந்தால், உள்ளே இருக்கிற பித்தளை இதழ் தளர்ந்துவிட்டது. புதுப் பல்பு போடப் போட அதுவும் கருகும். ஹோல்டரை மாற்றினால் முடிந்தது.

ஹோல்டர் சுத்தமாக இருந்தால் கூட்டுக்கு மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஓட்டைக்குள் கையை விட்டு, அணைத்த பிறகுதான், தடவிப் பார்த்தால் தெரியும். விடுதியில் ஒரு தாழ்வாரத்தில் இதே போல ஒரே இடம் மறுபடி மறுபடி போனது. ஐந்தாவது பல்புக்குப் பிறகு உள்ளே கை விட்டேன். சீலிங் போட்டவர்கள் மிச்சமான வெப்பத்தடுப்புப் பஞ்சை அந்த விளக்கின் மேலேயே குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டபோது பஞ்சின் அடிப்பக்கம் காய்ந்த இலை மாதிரி நொறுங்கியது. அதை எடுத்த பிறகு அங்கே போட்ட பல்பை இரண்டு வருடம் நான் மாற்றவில்லை. எல்.ஈ.டி.க்கும் இது பொருந்தும். அதன் பின்பாகத்தில் இருக்கிற சின்ன சர்க்யூட்டுக்குச் சூடு ஆகாது. முதலில் சாவது அந்த சர்க்யூட்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கை விட்டுப் பஞ்சோ துணியோ கிடைத்தால் பல்பு போவதைப் பற்றிய எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கே மற்ற ஐந்து ஓட்டையிலும் பார்த்துவிடுங்கள். அது தீப்பிடிக்கிற விஷயம்.

கேள்வி: எங்கள் சீலிங்கில் இருப்பது பல்பே இல்லை, மெல்லிய வட்டத் தகடு போன்ற விளக்கு. எதைத் திருகுவது, எதை இழுப்பது என்றே தெரியவில்லை. போன முறை யாரோ கழற்றியபோது ஓட்டையின் ஓரம் பெயர்ந்துவிட்டது. நான் தனியாக இருக்கிறேன், நானே செய்யலாமா?

பதில்: இதில் பல்பு தனியாகக் கிடையாது, விளக்கு முழுவதையும்தான் மாற்ற வேண்டும். தாங்குவது இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்பிரிங் கைகள். அவை சீலிங்குக்கு மேலே விரிந்து படுத்து, விளக்கின் விளிம்பைக் கீழேயிருந்து சீலிங்கோடு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முன்னே சொன்ன கூட்டை இறக்குவதும் இதே முறைதான்.

பெயின்ட் அடித்த சீலிங் என்றால் முதலில் விளிம்பைச் சுற்றி ஒரு பிளேடால் மெதுவாகக் கீறுங்கள். விளிம்பும் சீலிங்கும் பெயின்டால் ஒட்டியிருக்கும். போன முறை ஓரம் பெயர்ந்ததற்கு அநேகமாக இதுதான் காரணம். கீறிய பிறகு மெல்லிய தட்டையான கத்தி ஒன்றை விளிம்புக்கு அடியில் விட்டு ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று இறக்குங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் ஸ்பிரிங் அந்தப் பக்கத்து ஜிப்சம் ஓரத்தைக் கொத்திக்கொண்டு வரும். விளக்கு இரண்டு விரற்கடை கீழே வந்ததும் ஸ்பிரிங் கை ஓட்டையில் எட்டிப் பார்க்கும். அப்போது விரலால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மேற்கொண்டு இறக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் எலிப்பொறி மாதிரி மடிந்து விரலை அடிக்கும். நகம் கறுத்துப்போகும்.

உள்ளே ஒரு சின்னப் பெட்டி, அதுதான் டிரைவர், ஒரு கனெக்டரால் விளக்கோடு மாட்டியிருக்கும். எம்.சி.பி. இறக்கியிருக்கும்போதே அதைப் பிரியுங்கள். புதிய விளக்கையும் அப்படியே, மின்சாரம் இல்லாதபோதே சேர்த்துவிட்டுப் பிறகு எம்.சி.பி.யை ஏற்றுங்கள். மின்சாரம் ஓடுகிற டிரைவரில் விளக்கைக் கொண்டுபோய்ச் சொருகினால் அந்த நொடியிலேயே எல்.ஈ.டி. போய்விடக்கூடும். புதியது வாங்கப் போகும்போது விளக்கின் வெளி வட்டத்தை அளந்துகொண்டு போகாதீர்கள். சீலிங்கில் இருக்கிற ஓட்டையின் குறுக்களவை அளந்துகொண்டு போங்கள். பெட்டியில் அதுவும் அச்சிட்டிருக்கும். பழைய டிரைவரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் மில்லிஆம்பியரும் வோல்ட்டும் புதிய விளக்குக்குப் பொருந்த வேண்டும். எனக்குக் கேட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள் என்பேன்.

மாட்டும்போது இரண்டு ஸ்பிரிங் கையையும் செங்குத்தாக மேலே தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் விட்டு, விட்டுவிட்டால் போதும், அதுவே தன்னை இழுத்துக்கொண்டு உட்காரும். ஓரம் பெயர்ந்த பக்கத்தில் ஸ்பிரிங் வராதபடி விளக்கைக் கொஞ்சம் சுற்றி வைத்து மாட்டுங்கள். நல்ல ஜிப்சத்தின் மேல் ஸ்பிரிங் படுக்கட்டும்.

தனியாகச் செய்யலாமா என்று கேட்டீர்கள். வேலை கஷ்டமில்லை, உயரம்தான் விஷயம். சுழல் நாற்காலியும் மேசை மேல் வைத்த ஸ்டூலும் வேண்டவே வேண்டாம், நான்கு காலும் தரையில் பதிகிற மடக்கு ஏணி வேண்டும். விளக்கு உச்சந்தலைக்கு நேராக இல்லாமல் நெற்றிக்கு முன்னால் வருகிற மாதிரி ஏணியைப் போடுங்கள். நேர் மேலே இருந்தால் கழுத்து ஒடியும், விழுகிற தூசி நேராகக் கண்ணில் விழும். கையை மேலே தூக்கி வேலை செய்தால் இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்க ஆரம்பிக்கும், எவ்வளவு பலசாலியானாலும். நடுங்கியதும் இறங்கிவிடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். தலைசுற்றல் உள்ளவர் என்றால், மூட்டுவலி இருந்தால், ஏற வேண்டாம், யாரையாவது கூப்பிடுங்கள். நீங்கள் ஏறுவதாக இருந்தால் பகலில் செய்யுங்கள். எம்.சி.பி.யை இறக்கினால் அந்த அறையில் வேறு வெளிச்சம் இருக்காது. கைபேசியை ஏணியின் மேல்தட்டில் வைக்காமல் சட்டைப் பைக்குள் வையுங்கள், விழுந்துவிட்டால் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கட்டும்.